கல் நடந்த மாலை

எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும் என்று ஒதுங்கி இருக்க வேண்டியவன் நான். படிப்பு பத்தாவதோடு சரி. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் ரேஷன் கடை விண்ணப்பமும், ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் பூர்த்தி செய்து கொடுத்த சீட்டுகளும்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் பேசச் சொன்னாலே எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். இதில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒருவரைப் பற்றி எழுதாமல் இருப்பது, தப்பும் தவறுமாக எழுதுவதைவிட அதிகத் தொந்தரவாக இருக்கிறது. அதனால்தான் துணிந்தேன்.

அவர் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் மந்தைவெளியில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். நான் மேடம் என்றுதான் கூப்பிட்டேன். அப்படியே எழுதுகிறேன்.

மேடம் நிலம் அளக்கிற சர்வேயர். அரசாங்க வேலை இல்லை. யார் கூப்பிடுகிறார்களோ அவர்களுக்கு அளந்து கொடுப்பார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, தலையில் ஒரு துணித் தொப்பி. சட்டைப் பையில் எப்போதும் இஞ்சி மிட்டாய். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இரண்டாம் பூசை முடியும்வரை எந்த வேலைக்கும் வர மாட்டார். கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். மெஷின் தயாராவதற்குக் காத்திருக்கிற நேரத்தில் மெதுவாக ஏதாவது பாடிக்கொண்டிருப்பார்.

நான் அவருக்கு மூன்று வருஷம் கம்பு பிடித்தேன். கம்பு என்றால் ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகமான ஒரு தண்டு. அதன் உச்சியில் கவிழ்த்து வைத்த தேங்காய் மூடி மாதிரி வெள்ளையாக ஒரு ஜி.பி.எஸ். மெஷின். தண்டின் நடுவில் சின்னதாக ஒரு கண்ணாடிக் குப்பி. அதற்குள் ஒரு குமிழி. குமிழி வட்டத்துக்கு நடுவில் நின்றால் கம்பு நேராக நிற்கிறது என்று அர்த்தம். அதை நேராகப் பிடிப்பதுதான் வேலை. பேச வேண்டியதில்லை. அதனாலேயே எனக்குப் பிடித்திருந்தது.

ஒரே ஒரு வார்த்தை பேச வேண்டும். மேடம் கையில் சின்னத் திரையை வைத்துக்கொண்டு பத்தடி தள்ளி நிற்பார். ஒவ்வொரு புள்ளிக்கும், "நேரா?" என்று கேட்பார். நான் குமிழியைப் பார்த்துவிட்டு, "நேரா மேடம்" என்பேன். பிறகுதான் பொத்தானை அழுத்துவார். அழுத்திவிட்டு நோட்டில் எழுதுவார். புள்ளியின் எண், மணி, அதற்குப் பக்கத்தில் 'நேர் என்றார்'. ஒரு நாளைக்கு அறுபது புள்ளி எடுத்தால் அறுபது தடவை கேட்பார், அறுபது தடவை எழுதுவார்.

ஒரு தடவை எங்களை ஏற்றிப் போன ஆட்டோக்காரர் நோட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஸ்கூல் புள்ள இம்போசிஷன் எழுதுற மாதிரி ஒண்ணையே எழுதிக்கினு இருக்கீங்க?" என்று கேட்டார்.

"மெஷினுக்கு வாய் இல்லைப்பா. இவருக்கு இருக்கு. நாளைக்கு யாராவது கேட்டா இவர்தான் சொல்லணும்" என்றார் மேடம்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இவரா? ஏறினதிலேர்ந்து வாயே தொறக்கல."

"தேவைப்பட்டா திறப்பார்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அதுவரை என்னை நம்பி யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மேடத்துக்கு இன்னொரு வழக்கம். நோட்டில் ஒவ்வொரு நாள் பக்கத்தின் தலையிலும் முதலில் வானத்தைப் பற்றி எழுதுவார். மழை, வெயில் இல்லை. 'வானம்: நல்லது.' 'வானம்: சுமார்.' எப்போதாவது ஒரு நாள், 'வானம்: நம்பாதே.' காலையில் எழுந்ததும் ஜெபம் சொல்லிவிட்டு போனில் சூரியன் எப்படி இருக்கிறது என்று ஏதோ ஒரு பக்கத்தைப் பார்ப்பாராம். 'நம்பாதே' என்று எழுதிய நாளில் அளக்க மாட்டார். அவசரம் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் அளப்பார். ஆனால் கையெழுத்துப் போட மாட்டார்.

மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் காம்பவுண்டுச் சுவர்த் தகராறு. பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். போய் நின்றதும் மேடம், நாளைக்கு அளக்கிறேன் என்றார். வீட்டுக்கார மாமா பனியனோடு வாசலுக்கு வந்தார்.

"ஏம்மா, ஆத்துல எல்லாரும் லீவு போட்டுண்டு உட்கார்ந்திருக்கோம். இப்போ நாளைக்குங்கறேளே?"

"இன்னைக்கு வானம் சரியில்லை சார்."

மாமா அண்ணாந்து பார்த்தார். ஒரு மேகம் இல்லை. "பளிச்சுன்னு இருக்கே!"

"அதுக்கும் மேல சார்."

"அதுக்கும் மேலன்னா? வைகுண்டத்துலயா?"

"வைகுண்டத்துக்குக் கொஞ்சம் கீழே."

"ஆகாசத்துல ஏதோ நடந்தா எங்காத்துச் சுவர் நகர்ந்துடுமோ?"

"சுவர் நகராது சார். என் நம்பர் நகரும்."

மாமா உள்ளே திரும்பி, "அடியே, இவா சூரியனுக்கே ஜாதகம் பார்த்துண்டு வந்து அளக்கறாளாம். ரெண்டு காபி கலந்துண்டு வா" என்றார். காபி நன்றாக இருந்தது. மறுநாள் போய் அளந்தோம். சுவர் சரியான இடத்தில்தான் இருந்தது. அடுத்த வீட்டுக்காரர் எங்களிடம் பேசவே இல்லை.

மூன்று வருஷத்தில் நானாக மேடத்திடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். தி.நகரில் ஒரு கட்டடம் அளந்துவிட்டு டீக்கடையில் நின்றிருந்தோம். மேலே என்னதான் நடக்கிறது என்று கேட்டுவிட்டேன். மேடம் மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"ரங்கநாதன் தெருவை சும்மா ஒரு நாள்ல எவ்வளவு நேரத்துல தாண்டுவீங்க தம்பி?"

"மூணு நிமிஷம் மேடம்."

"தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை?"

நான் சிரித்துவிட்டேன்.

"அரை மணி ஆகும். தெரு நீண்டுபோச்சா? இல்ல. கூட்டம். ஆனா இந்தக் கோடியில ஒருத்தன் உட்கார்ந்து, நீங்க வந்து சேர்ந்த நேரத்தை மட்டும் பார்த்து தெரு எவ்வளவு நீளம்னு எழுதறான்னு வைங்க. என்ன எழுதுவான்?"

"ரொம்ப நீளம்னு."

"அதான் நம்ம மெஷின். மேலேர்ந்து சிக்னல் கிளம்பி வந்து சேர்ற நேரத்தை வச்சுத்தான் நாம எங்கே நிக்கிறோம்னு சொல்லுது. நடுவுல கூட்டம் இருக்கறது அதுக்கு முழுசாத் தெரியாது."

அந்தக் கூட்டம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொன்னார். சூரியனிலிருந்து வெளிச்சம் மட்டும் வருவதில்லையாம். கண்ணுக்குத் தெரியாத பொடி மாதிரித் துகள்களும் பயங்கர வேகத்தில் வருகின்றனவாம். சூரியனையும் தாண்டி வெகு தூரத்திலிருந்துகூட வருமாம். சில நாள் சூரியன் அதை வாரி வீசும். பூமி ஒரு காந்தம் மாதிரி இருப்பதால் அதில் பெரும்பங்கு வடக்கு, தெற்குத் துருவங்களின் பக்கமாக ஒதுங்கிப்போய் இறங்கும். நூறு கிலோமீட்டருக்கும் மேலே காற்று ரொம்ப மெல்லிசு. இறங்குகிற வேகத்தில் அந்தக் காற்றை மோதி உடைக்கும். உடைந்த துண்டுகளில் மின்சாரம் ஏறிக்கொள்ளும்.

"அங்கே இருக்கிற ஜனங்களுக்கு வானம் பச்சையும் சிவப்புமா எரியறது தெரியும். அந்தத் தள்ளுமுள்ளு மேல்காத்து வழியா நம்ம தலைக்கு மேல வரைக்கும் வந்துடும். நமக்கு வெளிச்சம் தெரியாது தம்பி. நம்பர்லதான் தெரியும். அதுவும் பொழுது சாஞ்ச பிறகு இந்தப் பக்கம் மோசம். கூட்டம் ஒரு இடத்துல குவிஞ்சு ஒரு இடத்துல ஓட்டையா கிடக்கும்."

"மெஷின் காட்டாதா மேடம், தப்புன்னு?"

"சில நேரம் காட்டும். சில நேரம் தப்பை வச்சுக்கிட்டே எல்லாம் சரின்னு பச்சை விளக்கு போடும்." டீயைக் குடித்து முடித்தார். "நங்கநல்லூர்ல ஒரு மதில். நான் அளந்தேன்னு இடிச்சாங்க."

நான் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"மதில் சரியாத்தான் இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

இதனால்தானோ என்னவோ, எந்த வேலைக்குப் போனாலும் முதலில் அசையாத ஒரு கல்லைத் தேடுவார். பழைய சர்வே கல், பாலத்தின் அடி, ஏதாவது ஒன்று. அதன் தலையில் சின்னதாக ஒரு குழி போடுவார். வேலை தொடங்கும்போது அந்தக் குழியில் கம்பை ஊன்றி ஒரு நம்பர் எடுப்பார். முடிக்கும்போது அதே குழியில் ஊன்றி இன்னொரு நம்பர். இரண்டும் ஒத்துப்போனால்தான் நடுவில் எடுத்ததெல்லாம் செல்லும். ஒத்துப்போகவில்லை என்றால் அன்றைய பக்கம் முழுவதும் குறுக்கே ஒரு கோடு. பாதி நாள் உழைப்பு போய்விட்டதே என்று எனக்கு வயிறு எரியும். அவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டே கோடு போடுவார்.

அடையாற்றங்கரை வேலை வந்தது அந்த மூன்றாவது வருஷத்தில். ஆற்றோரம் இருந்த வீடுகளில் எது போகும், எது நிற்கும் என்று ஒரு கோடு. வரைபடத்தில் அந்தக் கோடு ஆற்றோடு சேர்ந்து வளைந்து வளைந்து போகும். அதைத் தரையில் ஆணி அடித்துக் காட்ட வேண்டும். கோட்டுக்கு ஆற்றுப் பக்கம் இருந்தால் வீடு போகும். ரோட்டுப் பக்கம் இருந்தால் நிற்கும். கோடு ஒரு சுவரைத் தொட்டாலும் முழு வீடும் பட்டியலில். போகிறவர்களுக்கு ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் அடுக்குமாடியில் ஒரு அறை.

நான் பிறந்தது அந்தக் கரையில்தான். என் தங்கச்சி வீடு வரிசையில் கடைசி. அவள் மூன்று வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். மூன்றும் அடையாறில், நடந்து போகிற தூரம். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் முதல் வீட்டில் ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு டிபன். ஊருக்கு வெளியே போனால் அந்த வேலை இல்லை. அவள் புருஷன் இரண்டு வருஷமாகப் படுக்கையில். அந்த வேலைதான் அவர்கள் சோறு.

இதை நான் மேடத்திடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் வேறு யாரையாவது கம்பு பிடிக்க வைத்திருப்பார். அவ்வளவுதான் செய்திருப்பார். அளக்காமல் விட்டிருக்க மாட்டார். அதனால் சொல்லி என்ன என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் சொல்ல வாய் வரவில்லை.

அன்று காலை நோட்டில் 'வானம்: நம்பாதே' என்று எழுதியிருந்தார். டீக்கடை டி.வி.யில் லடாக் பக்கம் வானம் சிவந்து கிடந்ததைக் காட்டினார்கள். மேடம் டீ ஆறுகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டர் மதியமே வந்துவிட்டார்.

"மேடம், நாளைக்கு மத்தியானம் ஆபீஸ்ல பேப்பர் குடுக்கணும். இன்னைக்கு சாயங்காலமே ஆணி அடிச்சிடுங்க."

"இன்னைக்கு வேண்டாம் சார்."

"வானமா? ஏம்மா, லடாக்ல செவந்தா அடையாறுல இன்னா? இங்க இருந்து பார்த்தா தெரியுதா?"

"தெரியாது. அதான் பிரச்சினை."

"நீங்க அடிக்கலன்னா வேற ஆளை இட்டாந்து அடிப்பேன்" என்றார் அவர்.

மேடம் நோட்டை மூடினார். ஆணி அடிக்கிறேன், ஆனால் கல் ஒத்துப்போகிறவரை கையெழுத்துக் கிடையாது என்றார். கான்ட்ராக்டர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

கல்லில் முதல் நம்பரைக் காலையிலேயே எடுத்து வைத்திருந்தோம். வெயில் இறங்கி ஆறு மணிக்கு ஆணி அடிக்கத் தொடங்கினோம். பச்சை விளக்கு எரிந்தது. "நேரா?" "நேரா மேடம்." ஒவ்வொரு ஆணியாக அடித்துக்கொண்டே போனோம். வரிசையின் தொடக்கத்தில் நான்கு வீடுகளுக்குக் கோடு அவர்கள் பின்சுவரைத் தொட்டுக்கொண்டு விழுந்தது. அதாவது அந்த நான்கும் போகும். அதில் ஒன்று இட்லி விற்கிற செல்வியக்கா வீடு. மறு கோடியில், ஆறு எதிர்ப்பக்கமாக வளைகிற இடத்தில், தங்கச்சி வீட்டுக்கு வந்தபோது ஆணி வீட்டைத் தாண்டி, பின்னால் ஆற்றுப் பக்கம் விழுந்தது. அவள் சமையல் சுவருக்கும் ஆணிக்கும் நடுவில் ஒரு எட்டு வைக்கிற இடம் இருந்தது. அந்த ஆணியைத் தேவைக்கு மேலும் ஒரு தடவை தட்டினேன்.

தங்கச்சி ஓடி வந்தாள். "மேடம், எங்க வூட்டுக்கு அந்தாண்ட வுழுந்துகீது! டீ போடட்டுங்களா?"

"இன்னும் முடியலைம்மா" என்றார் மேடம்.

ஏழரை மணிக்குப் பழைய பம்ப் ஹவுஸ் பக்கத்தில் இருந்த எங்கள் கல்லுக்கு வந்தோம். டார்ச் அடித்து, குழியில் கம்பை ஊன்றினேன். மேடம் திரையைப் பார்த்தார். மறுபடி எடுத்தார். மூன்றாம் முறையும் எடுத்தார்.

"கல்லு நடந்திருக்கு தம்பி" என்றார். சிரிக்கவில்லை. "ஒன்றரை மீட்டர்."

பக்கத்தின் குறுக்கே கோடு போட்டார். "காலையில ஆறு மணிக்கு வாங்க. எல்லாத்தையும் திரும்ப எடுக்கணும்."

மூன்று வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் நான் எதிர்த்துப் பேசினேன். "விட்டுடலாமே மேடம். காலையில ஜனம் நடமாடும். தொல்லை."

அவர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு ஏதாவது இருக்கா தம்பி?"

"இல்ல மேடம்."

ராத்திரி தங்கச்சி வீட்டுக்குப் போனபோது வடை சுட்டிருந்தாள். "அண்ணே, அந்த மேடத்துக்கு ஒரு பொடவை எடுத்துக் குடுக்கலாமா? தப்பா நெனைப்பாங்களா?" என்று கேட்டாள். நான் வடையைத் தின்றேன்.

மறுநாள் காலை கல் அசையவில்லை. முந்தின நாள் காலை இருந்த நம்பரிலேயே இருந்தது. அதிலிருந்து தொடங்கி வந்தோம். முதல் நான்கு வீடுகளுக்கு இப்போது ஆணி பின்சுவரைத் தாண்டி, ஆற்றுப் பக்கம் விழுந்தது. அவை நிற்கும். செல்வியக்காவுக்கு ராத்திரி தன் வீடு போனதும் தெரியாது, காலையில் திரும்பி வந்ததும் தெரியாது. "சாப்ட்டுப் போ நைனா" என்று வழக்கம்போல இரண்டு இட்லியை இலையில் வைத்துக் கொடுத்தார்.

முப்பத்தொன்றாவது புள்ளி தங்கச்சி வீட்டை ஒட்டிய சந்து. மேடம் திரையைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் ரோட்டுப் பக்கம்... இன்னும்..." என்று சொல்லச் சொல்ல நான் கம்பை நகர்த்தினேன். கம்பு சமையல் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது. கோடு அவள் அடுப்பின் மேலே போகிறது.

"நேரா?"

குமிழி வட்டத்துக்குள் நிற்கவில்லை. என் கை நடுங்கியது. வேண்டுமென்று ஆட்டவில்லை. அதை மட்டும் நம்புங்கள்.

"நேரா தம்பி?"

"ஆடுது மேடம்."

"மெதுவா. ஒண்ணும் அவசரமில்ல."

இரண்டு கையாலும் பிடித்தேன். மூச்சை அடக்கினேன். குமிழி நடுவுக்கு வந்தது. "இப்ப நேரா மேடம்." பொத்தானை அழுத்தினார். எழுதினார். நான் ஆணி அடித்தேன்.

தங்கச்சி கையில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். "இன்னா அண்ணே, நேத்து அங்க இருந்த ஆணி இன்னைக்கு இங்க வந்துகீது?"

மேடம் நிமிர்ந்தார். "உங்களை அண்ணேன்னு கூப்பிடறாங்க?"

"இங்க எல்லாரும் அப்படித்தான் மேடம்" என்றேன்.

நடந்ததை முடிப்பதற்கு முன், பிற்பாடு நடந்த இரண்டை எழுதிவிடுகிறேன்.

செல்வியக்கா அடுக்குமாடிக்குப் போவதற்கு முந்தின நாள் அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "இன்னா பண்றது நைனா? மெஷின் போட்ட கோடு. மனுசன் போட்டிருந்தா சண்டை போடலாம்" என்றார்.

மேடத்தைக் கடைசியாகப் பார்த்தது அதற்கு ஒரு வருஷம் கழித்து, மந்தைவெளி பஸ் நிலையத்தில். ஒளிந்துகொள்ள இடம் இல்லை. அவரே வந்தார். நல்லா இருக்கீங்களா தம்பி என்று கேட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு இஞ்சி மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். பஸ் வந்தது. ஏறப் போனவர் திரும்பி, "தங்கச்சி நல்லா இருக்காங்களா?" என்றார். நான் அவரிடம் தங்கச்சி என்று ஒருத்தி இருப்பதாகவே சொன்னதில்லை. தலையாட்டினேன். மிட்டாயைத் தின்னவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. சட்டைப் பையில் உருகிக் கறையாகிவிட்டது.

இனி அந்தக் காலை.

பத்து மணிக்குக் கான்ட்ராக்டர் வந்தார். இரண்டு வரிசை ஆணிகளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். நேற்று அடித்த ஆணிகளை அவர் ஆட்கள் அளந்துகொண்டு போய், ராத்திரியே படம் போட்டு ஆபீசுக்கும் அனுப்பிவிட்டார்களாம். இப்போது மாற்றினால் ஏன் மாறியது என்று கேட்பார்கள்.

"நேத்து தப்பு சார். கல்லு ஒத்துப்போகலை. இன்னைக்குத்தான் சரி" என்றார் மேடம்.

"கல்லு, வானம்! இதை எழுதிக் குடுத்தா என்னைப் பைத்தியம்னு சொல்லுவாங்கம்மா. நோட்டைக் குடுங்க."

மேடம் கொடுத்தார். யார் கேட்டாலும் கொடுப்பார். கான்ட்ராக்டர் விரலை நக்கிப் பக்கங்களைப் புரட்டினார். 'நேர் என்றார்', 'நேர் என்றார்' என்று போய்க்கொண்டிருந்த விரல் முப்பத்தொன்றில் நின்றது.

"இதோ. நீங்களே எழுதி வச்சிருக்கீங்க. 'கம்பு ஆடுகிறது என்றார்.' ஆடின கம்புல எடுத்த நம்பரை எப்படிம்மா ஒத்துக்கறது?"

"அடுத்த வரியையும் படிங்க சார். அப்புறம் நேராப் பிடிச்சார். அதுக்கப்புறம்தான் எடுத்தேன்."

"எடுத்த நீங்களே எழுதினா அது செல்லுமா? புடிச்சவன் சொல்லட்டும்." என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு நைனா. பயப்படாதே. காலையில கம்பு ஆடிச்சா, ஆடலையா?"

சந்து முனையில் தங்கச்சி நின்றாள். வேலைக்குப் போகாமல் நின்றாள். செல்வியக்கா இட்லிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆடிச்சு சார்" என்றேன்.

அது பொய் இல்லை. அதற்குப் பின்னால் இன்னொரு வாக்கியம் இருந்தது. 'அப்புறம் நேராப் பிடிச்சேன் சார்.' மூன்று நான்கு வார்த்தை. மேடம் அதற்காகக் காத்திருந்தார். குமிழி நடுவுக்கு வர எவ்வளவு நேரம் காத்திருப்பாரோ அவ்வளவு நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவசரப்படுத்தவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை. நான் தரையைப் பார்த்தேன். புது ஆணியின் தலை வெயிலில் மின்னியது.

"அவ்ளோதான். நேத்து போட்டதே இருக்கட்டும். நீங்க கெளம்புங்கம்மா, நான் வேற ஆளை வச்சு முடிச்சுக்கறேன்" என்றார் கான்ட்ராக்டர்.

மேடம் நோட்டை வாங்கிக்கொண்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வழக்கம்போல எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் நின்றேன். பத்து இருபத்தைந்து. 'கம்பு ஆடியது என்றார்.' நான் சொன்னதை அப்படியே எழுதினார். பிறகு மெஷினைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்து, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். கம்பு என் கையிலேயே இருந்தது. வாங்கிக்கொள்ள அவர் திரும்பவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கு இரண்டு பேர் வந்து முதல் நான்கு வீட்டுச் சுவர்களிலும் சிவப்புப் பெயின்டில் எண் எழுதினார்கள். தங்கச்சி வழக்கம்போல ஐந்தரைக்கே வேலைக்குப் போயிருந்தாள்.